போனி கிளப் தேர்வுகள்: குதிரைத் தொழிலுக்குப் போகிறவருக்கு எவை கணக்கில் வரும்?

பிரிட்டனில் குதிரையேற்றம் கற்கும் பிள்ளைகளில் பலர் போனி கிளப் என்ற இளையோர் சங்கத்தின் வழியாக வருபவர்கள். போனி என்றால் உயரம் குறைந்த குதிரை. ஈ, டி, டி பிளஸ், சி, சி பிளஸ், பி என்று ஒவ்வொரு தேர்வாக எழுதி, சட்டைக் காலரில் வண்ண வண்ண பேட்ஜ் குத்திக்கொண்டு வளர்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதில் "இதையே தொழிலாக எடுத்துக்கொள்கிறேன்" என்று பிள்ளை சொல்லும்போது, வீட்டில் எழும் முதல் கேள்வி: இத்தனை வருடம் பாஸ் செய்த தேர்வுகள் எல்லாம் சேருமா, இல்லை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

ஒரு பகுதி சேரும், ஒரு பகுதி சேராது. சவாரியிலும் குதிரைப் பராமரிப்பிலும் பெற்ற உயர்நிலைத் தேர்ச்சிகளுக்கு மதிப்பு உண்டு. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதி மட்டும் அவற்றிலிருந்து தானாக வராது. தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவில் பிராத்மிக் தொடங்கி பிரவீண் வரை எழுதியவருக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஆனாலும் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போக ஆசிரியப் பயிற்சி தனியாக வேண்டும். இங்கேயும் அதே நிலைதான்.

இரண்டு அமைப்புகள், ஒரே வேர்

போனி கிளப் 1929இல் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் தி ஹார்ஸ்' என்ற சங்கத்தின் இளையோர் பிரிவாகத் தொடங்கியது. அந்தச் சங்கம் 1947இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி ஆனது. எல்லோரும் சொல்வது பி.எச்.எஸ். என்று. போனி கிளப் 1997இல் தனி அறக்கட்டளையாகப் பிரிந்தது. குதிரையை எந்தப் பக்கத்திலிருந்து அணுகுவது, கயிற்றை எப்படிக் கட்டுவது, லஞ்சிங் (நீண்ட கயிற்றில் பிடித்துக் குதிரையை வட்டமாகச் சுற்றவைக்கும் பயிற்சி) எப்படிச் செய்வது என்பதில் இரு அமைப்புகளின் பாடமும் இன்றுவரை பெரும்பாலும் ஒன்றாக இருப்பதற்கு இந்த வேர்தான் காரணம். ஆனால் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் இருவருக்கும் தனித்தனி. ஒன்றின் சான்றிதழை மற்றொன்று தன் விதிப்படி ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே செல்லும்.

சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. போனி கிளப் சென்டர் என்று அங்கீகாரம் பெற்ற சவாரிப் பள்ளிகளில் சேர்ந்து, அங்குள்ள குதிரைகளிலேயே தேர்வு எழுதலாம். லண்டனிலோ பிற நகரங்களிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடைமுறையில் எட்டக்கூடிய வழி இதுதான். குதிரை வளர்க்க ஆகும் செலவு அப்படி. உறுப்பினராக இருக்க மேல்வரம்பு 25 வயது. உயர்நிலைத் தேர்வுகளை அதற்குள் முடித்துவிட வேண்டும்.

எந்தத் தேர்வுக்கு ஏன் மதிப்பு

கீழ்நிலைத் தேர்வுகளை உள்ளூர்க் கிளையோ சென்டரோதான் நடத்துகிறது. ஈ தேர்வில் குதிரையின் உடல் பாகங்கள் சிலவற்றைச் சொல்வது போன்ற எளிய அடிப்படைகள்தான் இருக்கும். டி தேர்வில் பிறர் கயிறு பிடிக்காமல் நடையிலும் ட்ராட் என்ற துள்ளுநடையிலும் தானே குதிரையைக் கட்டுப்படுத்த வேண்டும். சி தேர்வுக்கு வரும்போது கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல், சிறு தடை தாண்டல், மேய்ச்சல் நிலத்தில் வளரும் போனியைப் பார்த்துக்கொள்வது, சேணமும் கடிவாளமும் பூட்டுவது எல்லாம் வந்துவிடும். பிள்ளை பெரும்பாலும் தனக்குப் பழகிய போனியில்தான் தேர்வு எழுதும். தேர்வு வைப்பவருக்கும் பிள்ளையைத் தெரிந்திருக்கலாம். குழந்தைக்கு அது நல்ல சூழல். தொழில் தகுதிக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ள அது போதாது.

பி தேர்விலிருந்து நிலைமை மாறுகிறது. பகுதி அளவில், கிளைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் முன் நடக்கும். சவாரி ஒரு பகுதி, பராமரிப்பு இன்னொரு பகுதி. அதற்கு மேல் லஞ்சிங் தேர்வு, ஏ.எச். என்கிற உயர்நிலைப் பராமரிப்புத் தேர்வு, கடைசியாக ஏ சவாரித் தேர்வு. ஏ தேர்வில் முன்பின் தெரியாத குதிரைகளில் ஏறி, ஒவ்வொன்றும் எப்படிப் பயிற்சி பெற்றிருக்கிறது, எதில் குறை, எப்படித் திருத்தலாம் என்று சவாரி செய்துகொண்டே கண்டுபிடித்து, இறங்கியதும் தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். தொழிலில் இருப்பவர் அன்றாடம் செய்யும் வேலையும் இதுதான். அதனால்தான் பி, ஏ.எச்., ஏ ஆகியவற்றுக்குத் தொழில் உலகில் மரியாதை.

பி.எச்.எஸ். பக்கத்தில் 1 முதல் 5 வரை படிகள், அதற்கும் மேலே ஃபெலோஷிப். ஒவ்வொரு படியும் அலகு அலகாகப் பிரிந்திருக்கும்: பராமரிப்பு, சவாரி, கற்பித்தல், மேலே போனால் லஞ்சிங்கும். லாயப் பணியாளராகப் போகிறவர் பராமரிப்பு அலகுகளை எடுக்கிறார். பயிற்றுநராக வேண்டுமென்றால் எல்லா அலகுகளும் வேண்டும். பழைய தலைமுறையினர் இன்றும் "ஏ.ஐ. இருக்கிறதா?" என்று கேட்பார்கள். உதவிப் பயிற்றுநர் என்ற பழைய பட்டம் அது. இன்றைய அமைப்பில் ஏறக்குறைய அந்த இடத்தில் இருப்பது 3ஆம் படிப் பயிற்றுநர் தகுதி.

தரத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால், பி தேர்வு பி.எச்.எஸ்.ஸின் 2ஆம் படியை ஒட்டி வரும். ஏ.எச். 3ஆம் படிப் பராமரிப்பையும், ஏ அதே படியின் சவாரியையும் ஒட்டி வரும். தரம் ஒத்திருப்பதாலேயே சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

மூன்று விதமான ஏற்பு

"உங்கள் பி தேர்வை ஏற்றுக்கொள்வோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். எது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நேரடி நுழைவு. கீழ்ப்படியை எழுதாமலே மேல்ப்படித் தேர்வுக்கு உட்கார விடுவார்கள். கீழ்ப்படியின் சான்றிதழ் உங்கள் கையில் இருக்காது. மேல்ப்படியில் தோற்றுவிட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டத் தொழில் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வரும்.

இரண்டாவது, விலக்கு. ஒரு படியின் குறிப்பிட்ட அலகு முடிந்ததாகவே கணக்கில் எழுதிக்கொள்வார்கள். மீதி அலகுகளை முடித்தால் முழுத் தகுதியும் கிடைக்கும். மூன்றில் அதிகப் பயன் தருவது இது.

மூன்றாவது, முன்கற்றலை மதிப்பிடுதல். சான்றிதழை மட்டும் பார்க்காமல், பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேராக நீங்கள் காட்டும் சான்றைத் தேடுவார்கள். லாயத்தில் வேலை செய்த பதிவு, பயிற்றுநரின் கடிதம், தேர்வுத் தாள் எல்லாம் இதற்குப் பயன்படும். சில வரிகள் நிரம்பும், சில நிரம்பாது. நிரம்பாதவற்றுக்கு மட்டும் தேர்வு வைப்பார்கள். இங்கிலாந்தில் லாயப் பணியாளர் அப்ரென்டிஸாக (வேலை செய்துகொண்டே கற்பவராக) சேரும்போதும் தொடக்கத்திலேயே இப்படி ஒரு மதிப்பீடு நடக்கும். அங்கே போனி கிளப் தேர்ச்சிகளைக் கட்டாயம் சொல்லுங்கள். தெரிந்ததையே மறுபடி உட்கார்ந்து கற்க வேண்டியிருக்காது.

ஏற்பு அட்டவணைகள் நிலையானவை அல்ல. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் திருத்துவார்கள். அக்கா காலத்தில் கிடைத்த விலக்கு தங்கைக்குக் கிடைக்காமல் போகலாம். தெரிந்தவர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தேர்வின் பெயர், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு, எந்த அலகுக்கு விலக்கு வேண்டும் ஆகிய நான்கையும் எழுதி, சான்றிதழ் கொடுக்கும் அமைப்புக்கே மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்துகள் ஒன்றாக இருப்பதைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. அமெரிக்கப் போனி கிளப் 1954இல் தொடங்கியது. அங்கேயும் டி, சி, பி, ஏ என்ற எழுத்துகளே, ஆனால் தேர்வுகள் வேறு. அங்கே பெற்ற பி, பிரிட்டனில் பி ஆகாது. தவிர, அமெரிக்காவில் சவாரி கற்பிக்க நாடு தழுவிய உரிமம் எதுவும் கிடையாது. மாசசூசெட்ஸ் போன்ற மாநிலத்தில் மட்டும் பயிற்றுநருக்கு மாநில உரிமம் கேட்பார்கள்.

சட்டம் எதைக் கேட்கிறது

கூலிக்குக் குதிரை கொடுக்கவும், கட்டணம் வாங்கிச் சவாரி கற்பிக்கக் குதிரை வைத்திருக்கவும் பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சவாரி நிலையங்கள் சட்டம், ஏற்கத்தக்க சான்றிதழ்கள் என்று பி.எச்.எஸ்.ஸின் உதவிப் பயிற்றுநர், பயிற்றுநர், ஃபெலோஷிப் பட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இளையோர் தேர்வுகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்தில் 2018 அக்டோபர் 1 முதல் புதிய விலங்கு நல உரிம விதிகள் வந்தன. அவற்றின்படி உரிமம் பெறுபவருக்குக் குதிரை மேலாண்மையில் உரிய முறையான தகுதி இருக்க வேண்டும், அல்லது நிரூபிக்கக்கூடிய போதிய அனுபவமும் திறமையும் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரிடமும் நிலையத்தின் பொறுப்பை விடக் கூடாது. குதிரையை எடுப்பவர் தனியாக ஓட்டத் தெரிந்தவர் என்று உறுதியானால் தவிர, 16 வயதாவது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் குதிரையைக் கூலிக்குக் கொடுக்கக் கூடாது.

"நிரூபிக்கக்கூடிய அனுபவம்" என்ற இடத்தில் ஏ.எச். சான்றிதழ் உங்கள் பக்கம் பேசும். முழு வேலையையும் அதுவே செய்துவிடாது. காப்பீட்டு நிறுவனம் அதைவிடக் கறாரானது. பயிற்றுநருக்கான பொறுப்புக் காப்பீடு தருவதற்கு முன் கற்பித்தல் தகுதி, முதலுதவி, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவற்றைக் கேட்பார்கள். பி.எச்.எஸ்.ஸின் அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநர் பதிவேட்டில் சேரவும் இவை வேண்டும். போனி கிளப் தேர்வு எவ்வளவு உயர்ந்ததானாலும் இவற்றுக்கு ஈடாகாது.

போனி கிளப்பிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள்

குதிரையின் அளவிலேயே முதல் தடுமாற்றம். 14.2 கை (14 கையும் 2 அங்குலமும்; ஒரு கை 4 அங்குலம்), அதாவது 148 சென்டிமீட்டர் வரை உயரம் உள்ளது போனி. பல வருடம் 13 கைப் போனியில் வளர்ந்த பிள்ளை, தொழில் தேர்வில் 16 கைக் குதிரையில் ஏறும்போது எல்லாமே மாறிவிடும். எட்டு வைக்கும் நீளம் கூடுகிறது, திருப்பத்துக்கு அதிக இடம் வேண்டியிருக்கிறது, கால் அழுத்தம் படும் இடம் மாறுகிறது. பி.எச்.எஸ். தேர்வில் குதிரையை மையமே தரும், தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. தேர்வுக்கு முன் சில மாதங்களாவது சவாரிப் பள்ளியில் வாரம் ஒரு புதுக் குதிரையில் ஏறிப் பழக வேண்டும்.

இந்த அளவு விஷயம் கற்பித்தல் தேர்வில்தான் அதிகம் கழுத்தை அறுக்கும். தரையில் கிடத்தும் ட்ராட் கம்புகளுக்கு இடையே ஒரு சராசரிக் குதிரைக்கு ஏறக்குறைய 1.3 முதல் 1.4 மீட்டர் இடைவெளி வேண்டும். போனிக்கு அதைக் குறைக்க வேண்டும். இரண்டு தடைகளுக்கு நடுவே கேன்டரில் ஒரே ஓர் எட்டு எடுத்து வைக்க, குதிரைக்கு 7.3 மீட்டர் அளவில் வைப்பார்கள். ட்ராட்டில் முதல் தடையைத் தாண்டி வந்தால் அது 5.5 மீட்டராகச் சுருங்கும். தன் போனிக்கு எத்தனை காலடி என்று மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவர், அதே கணக்கில் பெரிய குதிரைகளுக்கு வைத்துவிடுவார். குதிரை இடமில்லாமல் கம்பை மிதிக்கும். புதிதாகக் கற்கும் சவாரிக்காரர் முன்னால் சரிவார். தேர்வாளர் அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்திவிடலாம். தீர்வு எளிது: தன் காலடியை நாடாவால் அளந்து, ஒரு காலடி சுமார் 90 சென்டிமீட்டர் வருமாறு பழகிக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியையும் காலால் அளந்து வைப்பது. முதல் சுற்றில் குதிரைகள் எப்படிப் போகின்றன என்று பார்த்து உடனே திருத்துவது.

வகுப்பு எடுக்கும்போது வேறு சில பிழைகளும் திரும்பத் திரும்ப வரும். ஹெல்மெட் சரியாக மாட்டியிருக்கிறதா, சேண வார் இறுக்கமாக இருக்கிறதா, அங்கவடி (கால் வைக்கும் வளையம்) நீளம் இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்காமலே தொடங்குவது. எல்லோருக்கும் முதுகு காட்டும் இடத்தில் நிற்பது. நால்வரில் ஒருவரையே திருத்திக்கொண்டிருந்து மற்ற மூவரையும் மறந்துவிடுவது. பிள்ளைப் பருவத்தில் இவருக்கு யாராவது இதையெல்லாம் பார்த்துச் செய்துகொண்டே இருந்திருப்பார்கள். செய்யும் பொறுப்பு இப்போது இவருடையது.

லஞ்சிங்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம், இரு பக்கத் தேர்வுகளும் சந்திக்கும் இடம் அது. குதிரையின் கடிவாளத்தின் மேல் கேவெசன் என்ற மூக்குப் பட்டையைப் பூட்டி, அதன் நடு வளையத்தில் நீண்ட கயிற்றை மாட்ட வேண்டும். நான்கு கால்களுக்கும் காப்புறை போட வேண்டும். சேணத்தின் அங்கவடிகளை மேலே ஏற்றி, ஆடாமல் வாரால் கட்ட வேண்டும். கையுறையும் ஹெல்மெட்டும் இல்லாமல் கயிற்றைத் தொடவே கூடாது. கயிற்றை மடிப்பு மடிப்பாகக் கையில் அடுக்கிப் பிடிக்க வேண்டும். கையைச் சுற்றிச் சுழற்றிப் பிடித்தால் குதிரை இழுத்தோடும் கணத்தில் விரல் முறியும். குதிரை 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சுற்ற வேண்டும். வட்டம் இதைவிடச் சுருங்கினால் மூட்டுகளுக்குக் கேடு.

சைடு ரெயின் என்ற பக்கவார்களில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குதிரை இரண்டு பக்கமும் சுற்றி உடல் தளர்ந்த பிறகுதான் அவற்றைக் கடிவாள வளையத்தில் மாட்ட வேண்டும். அதுவரை சேணத்தின் வளையத்தில் தொங்கவிட வேண்டும். வேலை முடிந்ததும் லாயத்துக்கு நடத்திப் போகும் முன் கழற்றிவிட வேண்டும். தலையை நீட்ட முடியாமல் கட்டிவைத்த குதிரை மிரண்டால் பின்னோக்கிப் பாய்ந்து மல்லாந்து விழக்கூடும். போனி கிளப்பில் சாதுவான போனியை வைத்து இதைப் பழகியவருக்கு இந்த ஆபத்து கண்ணில் பட்டே இருக்காது. தொழில் தேர்வில் கூடுதலாக ஒரு கேள்வியும் வரும்: இந்தக் குதிரையை இன்று எதற்காக லஞ்ச் செய்தீர்கள், என்ன முன்னேற்றம் கண்டீர்கள்? "உடற்பயிற்சிக்கு" என்ற பதில் கீழ்ப்படிக்குப் போதலாம். 3ஆம் படியில் தாளம், பின்கால் தள்ளும் விசை, வளைவில் உடல் எப்படி வளைகிறது என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும்.

பராமரிப்பில் வேகமும் எண்ணிக்கையும்தான் வேறுபாடு. ஒரு போனிக்கு எவ்வளவு தீனி என்று தெரிவது ஒன்று. பத்துக் குதிரைகளின் எடையையும் வேலையையும் பார்த்துத் தீனிப் பட்டியல் போடுவது வேறு. உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் என்பது ஒரு நாளைக்கான மொத்தத் தீனியின் பொதுக் கணக்கு. 500 கிலோ குதிரைக்கு 10 முதல் 12.5 கிலோ. அதில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்க வேண்டும். புல் வலையைக் கண்ணால் பார்த்து "ஐந்து கிலோ இருக்கும்" என்று சொல்லாமல் கொக்கித் தராசில் மாட்டி நிறுத்துக் காட்டுபவரைத் தேர்வாளர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஓய்விலிருக்கும் குதிரையின் வெப்பநிலை சுமார் 38 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 என்பதெல்லாம் யோசிக்காமல் வாயில் வர வேண்டும்.

நேரடி நுழைவில் வருகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 1ஆம் படியில் கேட்கும் அடிப்படைகளை மேல்ப்படியில் யாரும் தனியாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இழுத்தவுடன் அவிழும் முடிச்சு, அதைச் சுவர் வளையத்தில் நேரடியாகக் கட்டாமல் அறுந்துவிடக்கூடிய சணல் கண்ணியில் கட்டுவது, லாயக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதது, கிடந்த துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைப்பது போன்றவை. சவாரியில் பிரமாதமாகச் செய்பவர்கள் இவற்றில் அசட்டையாக இருந்து தோற்பதுண்டு. 1ஆம் படியை எழுதத் தேவையில்லை என்றாலும், அதன் பாடத்திட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரியையும் ஒரு பயிற்றுநர் முன் செய்து காட்டிவிட்டு மேலே போவது நல்லது.

வரிசையை எப்படி அமைப்பது

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் போனி கிளப்பை விட்டுவிட்டு உடனே பி.எச்.எஸ். பக்கம் போகச் சொல்ல வேண்டியதில்லை. பி தேர்வை முடிக்கட்டும். குழுப் போட்டிகளும் முகாம்களும் தரும் அனுபவம் தொழில் பாடத்தில் கிடைக்காது. கூடவே முதலுதவிப் பயிற்சியும் சாலையில் பாதுகாப்பாகக் குதிரை ஓட்டும் தேர்வும் முடித்துவிடலாம். பி கையில் வந்ததும் எந்தப் பாதை என்று முடிவு செய்ய வேண்டும். லாயப் பணிதான் விருப்பம் என்றால் ஏ.எச். வரை போனி கிளப்பிலேயே போவது மிக நல்ல வழி. பயிற்றுநராக வேண்டுமென்றால் ஏ.எச்.ஸுக்காகக் காத்திருக்காமல், கற்பித்தல் அலகுக்கான தயாரிப்பை உடனே தொடங்குவதே சரி. மற்றதற்கெல்லாம் விலக்கு கிடைத்தாலும் அதற்குக் கிடைக்காது. அதற்குத்தான் அதிக நாளும் பிடிக்கும்.

தொடங்குவதற்கான இடம் சொந்தக் கிளையே. தகுதி பெற்ற பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில், டி தேர்வுக்குத் தயாராகும் சிறு பிள்ளைகளுக்கு உதவுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் தேதி, எத்தனை பேர், அவர்கள் என்ன நிலை, அன்றைய நோக்கம், என்ன செய்ய வைத்தீர்கள், என்ன சரியாக வரவில்லை, அடுத்த வாரம் எதை மாற்றுவீர்கள் என்று எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மொத்தமாகக் கையெழுத்து வாங்கிய நோட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. போனி கிளப் சான்றிதழ்களின் அசலையும், உறுப்பினர் எண்ணையும், எந்தக் கிளை, எந்தப் பகுதி என்ற விவரத்தையும் அதே கோப்பில் வையுங்கள். 25 வயதில் உறுப்பினர் காலம் முடிந்த பிறகு, தொலைந்த சான்றிதழுக்கு நகல் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ சுலபம்.